வெறுமையாக விடப்பட்ட விடைக் கட்டங்கள்: தேர்வு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தேர்வு வாரியப் பொறுப்பாளர்களுக்கும், வினாத்தாள் அமைப்போருக்கும், நேர்காணல் குழுக்களில் அமர்வோருக்கும் வணக்கம்.

இயற்பியல் ஆசிரியனாகப் பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். சில முறை நேர்காணல் குழுக்களில் உங்களுள் ஒருவனாகவும் அமர்ந்திருக்கிறேன். ஆகவே இந்த மடலில் நான் எடுத்துச் சொல்லும் குறையில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒருவருக்கு என்ன தெரியும் என்று அளப்பதாக எண்ணிக்கொண்டு, தமக்கு எவ்வளவு தெரியும் என்று அவர் நம்புகிறாரோ அதையும் சேர்த்தே நாம் அளந்துவருகிறோம். இவை இரண்டும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆண்களிடமும் பெண்களிடமும் சராசரியாக ஒரே அளவில் இல்லை என்பதற்குக் கடந்த 30 ஆண்டுகளில் போதிய சான்றுகள் சேர்ந்துவிட்டன. அப்படியிருக்க, நம் வினாத்தாள்களும் விண்ணப்பப் படிவங்களும் அந்த இடைவெளிக்கு மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருப்பது முறையா என்று கேட்கவே எழுதுகிறேன்.

தெரியாததைத் தெரிந்ததாக எண்ணிக்கொள்வது மனிதர் எல்லோருக்கும் பொதுவான பிழை. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதை எளிமையாகக் காட்டியது. ஜிப், பூட்டு, தையல் இயந்திரம் போன்ற பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்பது தமக்கு எந்த அளவுக்குப் புரியும் என்று 1 முதல் 7 வரை மதிப்பிடும்படி அவர்கள் கேட்டார்கள். பிறகு, அந்த இயக்கத்தைப் படிப்படியாக எழுதி விளக்கச் சொல்லிவிட்டு, மறுபடியும் மதிப்பிடச் சொன்னார்கள். விளக்க முயன்றபின் மதிப்பீடு இறங்கியது. நான் இதைப் படித்த அன்று ஒரு தாளை எடுத்து மிதிவண்டி ஒன்றை வரைந்து பார்த்தேன். சங்கிலி முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிணைத்திருந்தது. அப்படிப்பட்ட வண்டியின் கைப்பிடியைத் திருப்பவே முடியாது. விசையையும் முறுக்கத்தையும் பாடமாக நடத்துகிறவன் வரைந்த படம் அது! 2006இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா லாசன் இதே சோதனையைப் பலரிடம் நடத்தி, பலரும் இதே போன்ற பிழைகளைச் செய்வதைக் காட்டியிருக்கிறார் என்று பின்னர் தெரிந்தபோது சற்றே ஆறுதல் அடைந்தேன்.

இந்தப் பொதுப் பிழையின் அளவில்தான் ஆண்பெண் வேறுபாடு தலைகாட்டுகிறது. பன்னாட்டு அளவில் 15 வயது மாணவர்களிடம் நடத்தப்படும் பீசா மதிப்பீட்டின் 2012ஆம் ஆண்டுச் சுற்றில், கணிதக் கருத்துகள் சிலவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் தங்களுக்கு எந்த அளவுக்குப் பழக்கம் என்று கேட்டார்கள். பட்டியலின் நடுவே கணிதத்தில் இல்லவே இல்லாத மூன்று பெயர்களை நுழைத்திருந்தார்கள். ‘முறையான எண்’, ‘விருப்பநிலை அளவிடல்’, ‘அறிவிப்புப் பின்னம்’ என்று அவற்றைத் தமிழாக்கலாம். மொழியாக்கத்திலும் அவை ஏதோ பாடப்புத்தகத்தில் படித்தவை போலவே ஒலிப்பதைக் கவனியுங்கள். ஆங்கிலம் பேசும் 9 நாடுகளையும் பகுதிகளையும் சேர்ந்த சுமார் 40,000 மாணவர்களின் பதில்களை ஜான் ஜெரிம், ஃபில் பார்க்கர், நிக்கி ஷூர் ஆகியோர் 2019இல் ஆராய்ந்தபோது, இல்லாத கருத்துகளை அறிந்ததாகச் சொல்லும் போக்கு ஒன்பதிலும் மாணவிகளைவிட மாணவர்களிடமே மிகுந்திருந்தது. அப்படிச் சொன்னவர்கள் தங்கள் கல்வித்திறனையும், சிக்கல்களைத் தீர்க்கும் திறனையும், விடாமுயற்சியையும்கூட உயர்த்தியே மதிப்பிட்டிருந்தார்கள். ஒரு பாடத்தில் தொடங்கும் மிகைமதிப்பு அந்தப் பாடத்தோடு நின்றுவிடுவதில்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் விந்தையானது. விமானி ஒருவர் விமானத்தைத் தரையிறக்கும் சுமார் 4 நிமிடக் காணொளியை, விமானம் ஓட்டியறியாதவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். விமானியின் கைகள் என்ன செய்கின்றன என்பதே அதில் தெரியாது. கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ஆயினும் அதைப் பார்த்தவர்களுக்கு, நெருக்கடி நேர்ந்தால் தாமே விமானத்தை இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கை, பார்க்காதவர்களைவிடக் கூடியிருந்தது. அந்த நம்பிக்கையும் பெண்களைவிட ஆண்களிடம் உயர்ந்தே இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இவையெல்லாம் சராசரிகள், இரண்டு கூட்டங்களும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன. தன்னை மிகையாக மதிக்கும் பெண்களும், தன்னைக் குறைத்தே எடைபோடும் ஆண்களும் ஏராளம். மேரி லண்டபெர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர், மாணவியர் இரு சாராருமே தங்கள் விடைகளில் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை கொண்டிருந்தார்கள். வேறுபாடு முக்கியமாகத் தெரிந்த இடம் தவறான விடைகள். தவறாக எழுதிய விடை சரி என்று ஆண்கள் கொண்டிருந்த உறுதி பெண்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. துறையைப் பொறுத்தும் இந்த வேறுபாடு மாறும். ஆண்களுக்கு உரியது என்று சமூகம் முத்திரை குத்திய துறைகளில் அது விரிகிறது. மற்றத் துறைகளில் சுருங்குகிறது, சில சமயம் மறைந்தும் போகிறது. எனவே இதை உடற்கூற்றின் விதி என்று யாரேனும் சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

முத்திரை எவ்வளவு சீக்கிரம் குத்தப்படுகிறது என்பதற்கும் சான்று உண்டு. லின் பியான், சாரா-ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ‘மிக மிக அறிவாளி’ யார் என்று கேட்டபோது 5 வயதுக் குழந்தைகளில் சிறுவர்கள் ஆண்களையும் சிறுமிகள் பெண்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் காட்டினார்கள். 6, 7 வயதிலேயே சிறுமிகள் தம் பாலினத்தைக் காட்டுவது குறைந்துவிட்டது. பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்குவது யார் என்று கேட்டால் அதே வயதுச் சிறுமிகள் பெண்களையே காட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதிப்பெண் வேறு, அறிவாளிப் பட்டம் வேறு என்று அந்த வயதிலேயே அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. பெற்றோர்களின் பங்கும் சிறிதன்று. தங்கள் பிள்ளைகளின் நுண்ணறிவை மதிப்பிடச் சொன்னால் மகன்களுக்கு மகள்களைவிடச் சற்றுக் கூட்டியே போடுகிறார்கள் என்பதை ஏட்ரியன் ஃபர்ன்ஹாம் போன்றோரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன.

இனி நம் பணிக்கு வருகிறேன். இந்தக் குழந்தைகள்தாம் வளர்ந்து நம் முன்னே வந்து அமர்கிறார்கள். ஜாய்ஸ் எர்லிங்கரும் டேவிட் டன்னிங்கும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவ மாணவியருக்கு அறிவியல் வினாக்கள் கொடுக்கப்பட்டன. இரு சாராரும் எடுத்த மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எவ்வளவு சரியாக எழுதியிருப்பீர்கள் என்று கேட்டபோது மாணவியர் தங்கள் மதிப்பெண்ணைக் குறைத்தே ஊகித்தார்கள். அந்த ஊகம், எழுதிய தேர்விலிருந்து பிறந்ததைக் காட்டிலும், ‘எனக்கு அறிவியல் அவ்வளவாக வராது’ என்று முன்னரே மனத்தில் பதிந்திருந்த எண்ணத்திலிருந்தே பிறந்தது. பிறகு, அறிவியல் போட்டி ஒன்றில் கலந்துகொள்கிறீர்களா என்று அவர்களை அழைத்தார்கள். தங்கள் உண்மையான மதிப்பெண் அப்போது அவர்களுக்குத் தெரியாது. ஒப்புக்கொண்டவர்கள் மாணவர்களில் 71 விழுக்காடு. மாணவிகளில் 49 விழுக்காடு. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. வாசல் திறந்தேதான் இருந்தது. பிழையான ஒரு தன்மதிப்பீடே அவர்களைத் திருப்பி அனுப்பியது.

இப்போது நம் விண்ணப்பப் படிவங்களை எடுத்துப் பாருங்கள். ‘இத்துறையில் உங்கள் திறனை 10க்கு மதிப்பிடுக’ என்ற கேள்வி எத்தனை படிவங்களில் இருக்கிறது? கிறிஸ்டின் எக்ஸ்லியும் ஜட் கெஸ்லரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். கணிதமும் அறிவியலும் கலந்த ஒரு தேர்வை எழுதியபின், ‘நான் நன்றாகச் செய்தேன்’ என்ற கூற்றை 0 முதல் 100 வரை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்று கேட்டபோது ஆண்களின் சராசரி 61, பெண்களின் சராசரி 46. தேர்வில் இரு சாராரும் பெற்ற மதிப்பெண்ணில் இப்படிப்பட்ட வேறுபாடு எதுவும் இல்லை. உண்மையான மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டுக் கேட்டபோதும் இடைவெளி மறையவில்லை. தன் திறனைத் தானே எண்ணால் சொல்லும்படி விண்ணப்பதாரரைக் கேட்டு, அந்த எண்ணை வைத்து வடிகட்டுகிற எந்த நிறுவனமும், அந்த 15 புள்ளி வேறுபாட்டைத் திறமை வேறுபாடாகக் கணக்கில் எழுதிக்கொள்ளும் அபாயத்தில் இருக்கிறது.

கொள்குறி வகைத் தேர்வுகளில் இது இன்னும் மறைவாக நடக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் விதியை நீங்கள் நேர்மையான நோக்கத்தோடுதான் வைத்திருக்கிறீர்கள். குருட்டாம்போக்கில் குறி போடுபவர் தண்டனை பெற வேண்டும் என்பது உங்கள் எண்ணம். கணக்கை மட்டும் ஒரு முறை போட்டுப் பார்ப்போம். ஒரு கேள்விக்கு 5 விடைகள். சரிக்கு 1 மதிப்பெண், தவறுக்கு கால் மதிப்பெண் குறைப்பு. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதப்படும் எஸ்.ஏ.டி. தேர்வில் 2016ஆம் ஆண்டு மாற்றத்துக்கு முன்பு வரை இருந்த விதி இது. எதுவுமே தெரியாமல் குறிப்பவருக்குச் சராசரி ஆதாயம் சுழியம். ஆனால் ஐந்தில் இரண்டு நிச்சயமாக இல்லை என்று விலக்கத் தெரிந்தவருக்கு, மீதி மூன்றில் ஒன்றைக் குறித்தால் சராசரியாக ஆறில் ஒரு பங்கு மதிப்பெண் ஆதாயம். இப்படி 30 கேள்விகளை ‘உறுதியாகத் தெரியவில்லையே’ என்று விட்டுவிடுபவர், தம் அரைகுறை அறிவுக்கு உரிய 5 மதிப்பெண்ணைக் கைவிடுகிறார். அதே அரைகுறை அறிவோடு துணிந்து குறித்தவருக்கு அந்த 5 மதிப்பெண்ணும் சேருகிறது. இருவருக்கும் தெரிந்தது ஒரே அளவுதான்.

விட்டுவிடுபவர் யார்? கேத்ரின் பால்டிகா 2014இல் வெளியிட்ட சோதனையில், தண்டனை இல்லாதபோது ஆண், பெண் அனைவரும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை குறித்தார்கள். சிறு தண்டனை வைத்தவுடன் பெண்கள் ஆண்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலான கேள்விகளை விட்டுவைத்தார்கள். இது ஆய்வுக்கூடத்தில் நடந்ததுதானே என்று நீங்கள் கேட்கக்கூடும். சிலி நாடு தன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறான விடைக்கான தண்டனையை 2015இல் நீக்கியது. அந்த மாற்றத்தின் முன்னும் பின்னுமான விடைகளை ஆராய்ந்தபோது, விடப்படும் கேள்விகளின் எண்ணிக்கையில் இருந்த ஆண்பெண் இடைவெளி பெருமளவு குறைந்திருந்தது. உயர்ந்த மதிப்பெண் பெறுவோரிடையே மதிப்பெண் இடைவெளியும் சுருங்கியிருந்தது. ஒரே ஒரு விதியை மாற்றியதன் விளைவு இது.

‘தெரியாது’ என்ற கட்டத்துக்கும் இதே கதை உண்டு. அரசியல் அறிவுக் கணக்கெடுப்புகளில் ஆண்கள் பெண்களைவிட அதிகம் அறிந்தவர்களாக நெடுங்காலம் காட்டப்பட்டுவந்தார்கள். ஜெஃப்ரி மோண்டாக்கும் மேரி ஆண்டர்சனும் 2004இல் அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்து, அந்த இடைவெளியில் சுமார் பாதி, பெண்கள் ‘தெரியாது’ என்று கூடுதலாகச் சொல்வதாலும் ஆண்கள் ஊகித்தாவது ஒரு விடை சொல்லிவிடுவதாலும் தோன்றும் மாயை என்று காட்டினார்கள். நிதியறிவுக் கேள்விகளிலும் ‘தெரியாது’ என்ற வாய்ப்பை எடுத்துவிட்டுக் கேட்டபோது, முன்பு தெரியாது என்று சொல்லியிருந்த பெண்களில் பலர் சரியான விடையையே குறித்தார்கள். நிறைகுடம் தளும்பாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அளவை எடுக்கும்போது மட்டும் தளும்புகிற சத்தத்தைக் கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

இதற்கெல்லாம் ஒரு மருந்து நெடுநாளாகப் பரிந்துரைக்கப்படுகிறது. பெண்களுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுங்கள், துணிந்து பேசச் சொல்லுங்கள், தெரியாவிட்டாலும் தெரியும் என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள் என்பது அது. இதை நான் முழுமையாக மறுக்கிறேன். மிகைமதிப்பீடு ஒரு திறமை அன்று. அதற்கு விலை உண்டு. பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 35,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் பங்குவணிகக் கணக்குகளைப் பார்த்தார்கள். 1991 முதல் 1997 வரையிலான அந்தத் தரவுகளில் ஆண்கள் பெண்களைவிட 45 விழுக்காடு அதிகமாகப் பங்குகளை வாங்கி விற்றிருந்தார்கள். அந்த ஓயாத வணிகம் பெண்களின் ஆண்டு வருவாயை 1.72 விழுக்காட்டுப் புள்ளி குறைத்தது, ஆண்களுடையதை 2.65 புள்ளி குறைத்தது. சந்தை நம் முடிவுகளுக்கு உடனுக்குடன் விலை சொல்லும் இடத்திலேயே இப்படி என்றால், தவறு பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும் மருத்துவத்திலும் கட்டுமானத்திலும் ஆட்சிப் பொறுப்புகளிலும் மிகைமதிப்பீட்டின் செலவை யார் கணக்கெடுப்பது? ஒரு சாராரிடம் மிகுந்துள்ள பிழையை மறு சாராருக்கும் பயிற்றுவித்தால் இடைவெளி ஒருவேளை சமமாகலாம். அளவுகோல் சரியாகாது.

என் வேண்டுகோள் வேறு. தயங்குபவரைத் தூண்டுவதைவிட, தெரியும் என்பவரை விளக்கச் சொல்லுங்கள். ரோசன்பிளிட்டும் கீலும் கண்ட உண்மையே இதற்கு வழிகாட்டுகிறது: புரிந்தது என்ற மாயை, விளக்கத் தொடங்கியவுடன் தானாகக் கரைகிறது. அது ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும், யாரையும் அவமதிக்காது.

நான் அமர்ந்த ஒரு நேர்காணலில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரே நாளில் வந்த இரண்டு விண்ணப்பதாரர்களிடம் மின்மாற்றியைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று குழுத் தலைவர் கேட்டார். இளைஞர் ‘முழுமையாகத் தெரியும்’ என்றார். இளம்பெண் ‘அடிப்படைகள் தெரியும்’ என்றார். என் குறிப்பேட்டில் நான் இளைஞருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டேன். ஏன் போட்டேன் என்று அப்போது யோசிக்கவில்லை. பிறகு வேறோர் உறுப்பினர் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: கம்பிச்சுருள்கள் சுற்றப்படும் உள்ளகத்தை ஒரே இரும்புக் கட்டியாக வார்க்காமல் ஏன் மெல்லிய தகடுகளாக அடுக்குகிறார்கள்? அந்தப் பெண், மாறும் காந்தப்புலம் இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுவதையும், தகடுகளுக்கு இடையிலுள்ள காப்புப்பூச்சு அந்தச் சுழலைச் சிறு சிறு பகுதிகளாகத் துண்டித்து வெப்ப இழப்பைக் குறைப்பதையும் பலகையில் வரைந்தே காட்டினார். இளைஞர் ‘எடையைக் குறைக்க’ என்றார். ஒரு நிகழ்ச்சி எதையும் நிறுவிவிடாது என்பதை நான் அறிவேன்; எதிர்மாறாகவும் நடந்திருக்கலாம். நான் வெட்கப்பட்டது அவர்கள் சொன்ன விடைகளுக்காக அன்று, கேள்வி கேட்கப்படுவதற்கு முன்பே நான் போட்டுவிட்ட அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. திறனைத் தானே எண்ணால் மதிப்பிடச் சொல்லும் கேள்விகளைப் படிவங்களிலிருந்து நீக்குங்கள். நீக்க மனமில்லையென்றால், பீசா செய்தது போல இல்லாத கருவி ஒன்றையோ இல்லாத கோட்பாடு ஒன்றையோ பட்டியலில் சேர்த்துப் பாருங்கள். உங்களுக்கு வரும் எண்களின் தரம் ஒரே நாளில் தெரிந்துவிடும். நேர்காணலில் ‘தெரியுமா’ என்ற கேள்வி வரும் இடத்திலெல்லாம் ‘எப்படி’ என்ற கேள்வியும் வரவேண்டும் என்றும், இரண்டாவதற்கு விடை கிடைக்கும் வரை உறுப்பினர்கள் மதிப்பெண் எழுதக்கூடாது என்றும் விதி வையுங்கள். தவறான விடைக்கான தண்டனையைக் கைவிடுங்கள். கைவிடுவது கடினமென்றால், எத்தனை விடைகளை விலக்கத் தெரிந்தால் ஊகிப்பது ஆதாயம் என்ற கணக்கை வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். துணிவுள்ளவருக்கு மட்டும் தெரிந்த உத்தியாக அது இருக்க வேண்டியதில்லை. தண்டனையை நீக்கினால் ஊகம் பெருகுமே என்பீர்கள். பெருகட்டும், எல்லோரும் ஊகித்தால் அது எல்லோருக்கும் சமமான இரைச்சல். சிலர் மட்டும் ஊகிக்கும்போதுதான் அது ஒரு பக்கம் சாய்கிறது.

இவற்றுள் எதையும் உடனே ஏற்க உங்களால் இயலாமல் போகலாம். குழு கூட வேண்டும், விதி திருத்த வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். ஒன்றை மட்டும் இப்போதே செய்யலாம். நீங்கள் கடைசியாக நடத்திய தேர்வின் விடைத்தாள்கள் கணினியில் இருக்கின்றன. அவற்றில் விடை குறிக்கப்படாமல் விடப்பட்ட கேள்விகளை எண்ணி, ஆண்கள் விட்டவை எத்தனை, பெண்கள் விட்டவை எத்தனை என்று மதிப்பெண் நிலைவாரியாகப் பிரித்து வெளியிடுங்கள். இடைவெளி இல்லையென்றால் என் கவலை வீண் என்று பொதுவெளியிலேயே ஒப்புக்கொள்கிறேன். இருக்குமானால், அடுத்த வினாத்தாளுக்கான கூட்டத்தில் அந்த அட்டவணையை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்தும் ஓர் இயற்பியல் ஆசிரியன்